மாற்றுத்திறனாளிகள் சேவைக் கூட்டமைப்பில் தலைமை மாறும்போது: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு அமைப்புகளைத் தொடங்கி நடத்தி வருபவர்களில் பலர் இன்று அறுபதைக் கடந்தவர்கள். 1981-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டிலும் அதையடுத்த இருபது ஆண்டுகளிலும் ஊருக்கு ஊர் சிறப்புப் பள்ளிகளும் இல்லங்களும் சங்கங்களும் எழுந்தன. இன்றைய தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியதும் 1981-இல்தான். அப்போது இருபதிலும் முப்பதிலும் இருந்தவர்கள்தான் இன்றும் பல இடங்களில் செயலாளர்கள், நிர்வாக அறங்காவலர்கள்.

இந்த அமைப்புகள் மூன்று நான்கு மாவட்டங்களைச் சேர்த்துத் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட கூட்டமைப்புகளைப் பற்றியது இந்த வழிகாட்டி. ஒரு சிறப்புப் பள்ளி, குழந்தைகளின் குறைபாட்டைச் சிறு வயதிலேயே கண்டு பயிற்சி தரும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் ஒன்று, பெற்றோர் சங்கங்கள், மாற்றுத்திறனாளிகளின் சுய உதவிக் குழுக்கள், பயிற்சிப் பட்டறை, வீடு தேடிச் சென்று தெரபி கொடுக்கும் களப்பணியாளர்கள் என்று கலவையாக இருக்கும் கூட்டமைப்பு அது. தனி அமைப்பில் தலைமை மாறுவதைவிட இங்கே சிக்கல் அதிகம். தலைவர் கூட்டமைப்புக்கும் தலைவர், தன் சொந்த அமைப்புக்கும் தலைவர். உறுப்பு அமைப்புகள் அவரை நம்பித்தான் சேர்ந்திருக்கின்றன.

மாற்றம் ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க நான் இரண்டு அளவுகோல்கள் வைத்திருக்கிறேன். மாற்றம் நடந்த மாதத்தில் எந்தக் குழந்தையின் தெரபியும் நின்றிருக்கக் கூடாது. ஓராண்டு கழித்துக் காசோலையில் விழும் கையெழுத்து புதியவருடையதாக இருக்க வேண்டும். முதலாவதைக் கவனிக்கிறவர்கள் உண்டு. இரண்டாவதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். லெட்டர்ஹெட்டில் பெயர் மாறியிருக்கும், பணத்தின் மேலிருந்த கை மாறியிருக்காது. பின்னால் வரும் மனக்கசப்புகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதல் படி: கைமாற வேண்டியவற்றைப் பட்டியலிடுங்கள்

நிறுவனர் நலமாக, அலுவலகத்துக்கு வந்து போய்க்கொண்டிருக்கும் காலத்திலேயே இதைத் தொடங்க வேண்டும். மாற்றம் நடக்கும் நாளுக்குக் குறைந்தது ஓராண்டு முன்னதாக.

தென் மாவட்டக் கூட்டமைப்பு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். செயலாளருக்குத் திடீரென்று நெஞ்சுவலி. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். மாதக் கடைசி. களப்பணியாளர்களுக்குச் சம்பளம் போட வேண்டும். கணக்காளர் வங்கி இணையதளத்தில் எல்லாம் நிரப்பிவிட்டார். ஓடிபி எண்ணோ செயலாளரின் கைப்பேசிக்குப் போகிறது. அந்தக் கைப்பேசி அவருடைய மகளின் கைப்பையில் இருக்கிறது. மகள் மருத்துவமனை வராந்தாவில் அழுதுகொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் அவரை அழைத்து, "அம்மா, ஒரு எண் வந்திருக்கும், சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டிய நிலை கணக்காளருக்கு. பத்து நிமிடத்துக்குள் எண் காலாவதியாகிவிட, மறுபடியும் அழைப்பு. எந்த அமைப்பும் தன் ஊழியரையும் தன் தலைவரின் குடும்பத்தையும் இப்படி ஒரு நிலையில் நிறுத்தக் கூடாது.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நிறுவனரும் கணக்காளரும் களத்தில் மூத்த ஊழியர் ஒருவரும் உட்கார்ந்து எழுதுங்கள். எந்தெந்த வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்து, எந்தக் கணக்கு எந்தக் கைப்பேசி எண்ணோடு இணைந்திருக்கிறது, வருமான வரித் தளம், வெளிநாட்டு நிதித் தளம், தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் அரசின் தர்ப்பண் தளம், வருங்கால வைப்பு நிதித் தளம் ஆகியவற்றின் கடவுச்சொற்கள் யாரிடம், டிஜிட்டல் கையொப்பச் சாவி யாருடைய பையில், வேனின் ஆர்.சி. புத்தகம் யார் பெயரில். இவை ஒரு மதியத்துக்குள் முடிந்துவிடும்.

அடுத்த பகுதிக்கு நாள் பிடிக்கும், ஏனென்றால் அது நிறுவனரின் தலைக்குள் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எந்தக் கோப்பு எந்த மேஜையில் நிற்கிறது, மானியம் தாமதமானால் யாரைக் கேட்க வேண்டும், எந்த ஊர்த் தலைவர் சமுதாயக் கூடத்தை இலவசமாகத் தருவார், எந்தக் குடும்பத்தில் குழந்தையின் தந்தை இல்லாதபோதுதான் களப்பணியாளர் போக வேண்டும் என்பன போன்றவை. இவை எந்தக் கோப்பிலும் இருப்பதில்லை. நிறுவனரைப் பேசவிட்டு இன்னொருவர் எழுதிக்கொள்வதே நடக்கக்கூடிய வழி. எழுதச் சொன்னால் பெரும்பாலான நிறுவனர்கள் எழுத மாட்டார்கள். பேசச் சொன்னால் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

பட்டியலில் நிலம், கட்டடம் பற்றிய பக்கம் தனியாக இருக்கட்டும். பல மையங்கள் நிறுவனரின் குடும்ப இடத்தில், வாய்ப்பேச்சு உடன்பாட்டின் பேரில் நடக்கின்றன. அவர் இருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். அவருக்குப் பிறகு அந்த இடம் வாரிசுகளுடையது, அவர்கள் கேட்பதில் தவறும் இல்லை. தலைமை மாறுவதற்கு முன்பே நீண்ட கால வாடகை ஒப்பந்தம் ஒன்றை எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். நிறுவனர் தன் சொந்தப் பொறுப்பில் கடன் வாங்கியிருந்தாலோ பிணை நின்றிருந்தாலோ அதையும் தீர்த்துவிட வேண்டும். புதியவருக்குப் பதவியும் பழையவருக்குக் கடனுமாகப் பிரியக் கூடாது.

இரண்டாம் படி: துணை விதிகளைத் திறந்து படியுங்கள்

கூட்டமைப்பு 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானதாக இருந்தால், நிர்வாகக் குழு உறுப்பினரின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படத் தடை இல்லை. ஆக, "நான் முப்பது ஆண்டுகளாகச் செயலாளர்" என்பவர் உண்மையில் பத்து முறை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் அந்தப் பத்துத் தேர்தலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் புதிய தேர்தலை ஒருவர் எதிர்க்கும் நாளில் பழைய குறையும் வெளியே வரும். தேர்தலுக்கு முன்பே தணிக்கையாளரோடும் ஒரு வழக்கறிஞரோடும் பேசி நிலுவை ஆவணங்களைச் சரிசெய்துகொள்வது நல்லது.

அறக்கட்டளையாகப் பதிவாகியிருந்தால் எல்லாம் பத்திரத்தில் இருக்கிறது. "ஆயுட்கால நிர்வாக அறங்காவலர்" என்ற சொற்றொடர் இருக்கிறதா, அவருக்குப் பின் யார் என்று எழுதியிருக்கிறதா, பத்திரத்தைத் திருத்த அதிகாரம் யாருக்கு என்ற மூன்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

துணை விதிகளில் நீக்க வேண்டிய ஒரு வரியும் இருக்கும். "சித்த சுவாதீனம் இல்லாதவர் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர்" என்று பழைய மாதிரிப் படிவத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதிய வரி. மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு தன் சொந்த விதியிலேயே இப்படி எழுதிவைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளை அங்கீகரிக்கிறது. மனநோயும் அறிவுசார் இயலாமையும் அதில் உண்டு. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களுக்குச் சமமாகச் சட்டப்படியான தகுதி உண்டு என்கிறது. துணை விதிகளைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் முன்னறிவிப்பு, வந்து ஓட்டுப் போடுகிறவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. தேர்தல் நடக்கும் பொதுக்குழுவுக்கு முந்தைய கூட்டத்திலேயே இதை முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: யாருக்கு ஓட்டு, யாருக்கு இடம்

கூட்டமைப்புகளில் மிகப் பெரிய பிணக்கு இங்கேதான். நூறு ஊழியர்கள் உள்ள சிறப்புப் பள்ளிக்கும், கோயில் மண்டபத்தில் மாதம் ஒருமுறை கூடும் பெற்றோர் சங்கத்துக்கும் ஒரே ஓட்டா? பெரிய அமைப்பு, "செலவைச் சுமப்பது நாங்கள்தானே" என்று கேட்கும். சிறிய சங்கம், "யாருக்காக நடத்துகிறீர்களோ அவர்கள் நாங்கள்தானே" என்று கேட்கும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவெடுக்கும்போது இரண்டாவது கேள்விக்கே அதிக எடை கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சேவை கொடுப்பவர்கள் மட்டும் கூடி முடிவெடுக்கும் கூட்டமைப்பு, காலப்போக்கில் மானியத்துக்காகப் பேசும் அமைப்பாகச் சுருங்கிவிடும்.

இதற்கு நடைமுறையில் இருக்கும் ஒரு முன்மாதிரி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அங்கே வளர்ச்சிசார் இயலாமை உள்ளவர்களுக்கு லாண்டர்மன் சட்டத்தின்கீழ் 21 வட்டார மையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனித் தொண்டு நிறுவனம். அவற்றின் நிர்வாகக் குழுவில் குறைந்தது பாதிப்பேர் இயலாமை உள்ளவர்களோ அவர்களுடைய பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ ஆக இருக்க வேண்டும். மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் இயலாமை உள்ளவர்களே இருக்க வேண்டும். எந்த 8 ஆண்டுகளை எடுத்தாலும் ஒருவர் 7 ஆண்டுகளுக்கு மேல் குழுவில் இருக்கக் கூடாது. நம் சட்டம் இந்த அளவுக்குக் கட்டாயப்படுத்தவில்லை. துணை விதியில் நாமே எழுதிக்கொள்வதைத் தடுக்கவும் இல்லை.

நான் பரிந்துரைப்பது இது: உறுப்பு அமைப்புக்கு ஒரு ஓட்டு, நிர்வாகக் குழு இடங்களில் பாதி மாற்றுத்திறனாளிகளுக்கும் பெற்றோருக்கும், செயலாளர், பொருளாளர் இருவரில் ஒருவர் கட்டாயம் மாற்றுத்திறனாளி, ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கிடையாது. தலைவர் பதவியை மட்டும் மாற்றுத்திறனாளிக்குக் கொடுத்து, செயலாளர் பதவியை மற்றவர்கள் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஏற்காதீர்கள். நம் சங்கங்களில் அதிகாரம் செயலாளரிடமும் பொருளாளரிடமும் இருக்கிறது. தலைவருக்கு மேடையில் நடு நாற்காலியும் பொன்னாடையும் கிடைக்கும், அவ்வளவுதான்.

நான்காம் படி: ஆளைத் தேடுதல்

முன்பு இது தானாக நடந்தது. மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தில் தலைமைக்கு வந்தவர்களில் பலர் இளம்பிள்ளைவாதத்தால், அதாவது போலியோவால், பாதிக்கப்பட்டவர்கள். கால் தளர்ந்திருந்தாலும் படித்தார்கள், ஊர் ஊராகப் போனார்கள், ஆட்சியர் அலுவலக வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். இந்தியாவில் போலியோவின் கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. 2014 மார்ச்சில் போலியோ அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது. கொண்டாட வேண்டிய செய்தி. அதோடு, தலைவர்கள் வந்துகொண்டிருந்த அந்த வழி அடைபட்டுவிட்டது என்பதையும் கூட்டமைப்புகள் உணர வேண்டும்.

இன்று மையங்களுக்கு வருகிறவர்களில் மூளை முடக்குவாதம், ஆட்டிசம், தசைச்சிதைவு, அறிவுசார் இயலாமை உள்ளவர்கள் அதிகம். இவர்களிடமிருந்து தலைமை வர வேண்டுமானால் கூட்டம் நடக்கும் விதமே மாற வேண்டும். மெதுவாகப் பேசுகிறவருக்கு நேரம் கொடுக்க வேண்டும். படமும் எளிய சொல்லும் கொண்ட நிகழ்ச்சி நிரல் வேண்டும். உடனிருந்து உதவும் ஒருவருக்கு அனுமதி வேண்டும். அவர் உதவலாம், உறுப்பினருக்குப் பதிலாகப் பேசக் கூடாது.

பெற்றோரில் பெரும்பாலும் தாய்மார்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். களத்தில் எல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் பொறுப்புக்கு வரச் சொன்னால், "பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல முடியாத கேள்வி அல்ல இது. கூட்ட நாளில் குழந்தையைக் கவனிக்க ஒருவரை அமர்த்தி, அதற்கான செலவை ஆண்டு பட்ஜெட்டில் எழுதுங்கள். பயணப்படியும் அப்படித்தான். "சேவைதானே" என்று சொல்லிப் பயணப்படி தராத கூட்டமைப்பில், சொந்த வசதி உள்ளவர்கள் மட்டுமே பொறுப்பில் இருப்பார்கள்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கத் தமிழ்நாடு அரசு 2025-இல் சட்டத்தைத் திருத்தியது. துடிப்பான இளைஞர்கள் பலர் அந்தப் பக்கம் போவார்கள். போகட்டும், வழியனுப்புங்கள். ஒரு பேரூராட்சி மன்றத்துக்குள் நம் ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பது கூட்டமைப்புக்குப் பலம். ஆனால் அவரையே செயலாளராகவும் வைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் கெடும்; கட்சிச் சாயம் பற்றிய பேச்சும் வரும்.

வாரிசாக ஒருவரை அறிவிக்காதீர்கள். இரண்டு அல்லது மூன்று இணைச் செயலாளர்களை ஓராண்டுக்கு நியமித்து, ஒவ்வொருவருக்கும் முழுப் பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள். ஒருவர் அரசு மானியக் கோப்புகளை இறுதிவரை கொண்டுபோகட்டும். ஒருவர் தெரபி சேவைகளைப் பார்க்கட்டும். மூன்றாமவர் உறுப்பு அமைப்புகளுக்குள் எழும் சச்சரவுகளைத் தீர்க்கட்டும். யாருக்கு எது வருகிறது என்பது ஆண்டு முடிவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நிறுவனரின் மகனோ மகளோ போட்டியிட விரும்பினால், அவர்களும் இந்த ஓராண்டைக் கடந்தே வர வேண்டும்.

ஐந்தாம் படி: எப்போது, எப்படிக் கூடுவது

மார்ச், ஏப்ரல் மாதங்கள் வேண்டாம். நிதியாண்டு முடிவும் மானியப் பயன்பாட்டுச் சான்றிதழ்களும் கழுத்தைப் பிடிக்கும். ஜூனில் பள்ளி திறக்கும். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம் என்பதால் நவம்பரிலிருந்தே அலைச்சல். கணக்குத் தணிக்கை முடிந்த பிறகு, ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் பொதுக்குழுவைக் கூட்டுங்கள். தணிக்கை அறிக்கையைப் பழைய நிர்வாகம் தாக்கல் செய்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அதே கூட்டத்தில் புதிய நிர்வாகத்திடம் ஒப்படைப்பதுதான் சுத்தமான முறை.

இடம் தரைத்தளத்தில் இருக்க வேண்டும். கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழைகிறதா என்று யாராவது நேரில் போய் அளந்துவிட்டு வர வேண்டும். கல்யாண மண்டபம் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக மாடியில் கூட்டம் போட்டு, உறுப்பினரை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் யாரோடும் பேசவில்லை. அந்தக் கூட்டத்தில் எடுத்த எந்த முடிவையும் அவருடைய முடிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காது கேளாதோருக்குச் சைகைமொழிபெயர்ப்பாளர் மேடைக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் நிற்க வேண்டும். ஓட்டுச்சீட்டைப் பார்வையற்றவர் தானே குறிக்கும்படி பிரெய்லியில் அச்சிடுங்கள். பிரெய்லி தெரியாதவருக்கு அவரே தேர்ந்தெடுக்கும் துணையாளரை அனுமதியுங்கள். வேட்பாளரின் படமும் சின்னமும் சீட்டில் இருந்தால் அறிவுசார் இயலாமை உள்ளவர்களுக்கும் படிக்கத் தெரியாதவர்களுக்கும் போதும். கையைத் தூக்கி ஓட்டெடுப்பு மட்டும் வேண்டாம். பார்வையற்றவருக்குச் சுற்றிலும் என்ன நடக்கிறதென்று தெரியாது. நிறுவனர் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் மனம்விட்டுக் கை தூக்கவும் மாட்டார்கள்.

ஆறாம் படி: கையெழுத்து மாறும் 45 நாட்கள்

தேர்தல் முடிந்த மறுநாளே தொடங்குங்கள். வரிசை முக்கியம். முதலில் தீர்மானத்தின் சான்றிட்ட நகல்கள். அடுத்து மாவட்டப் பதிவாளரிடம் நிர்வாகக் குழு மாற்றத்தைப் படிவம் 7-இல் தாக்கல் செய்வது. மற்ற அலுவலகங்களில் பலவும் பதிவாளரிடம் தாக்கல் செய்த ஒப்புகையைக் கேட்கும்.

வெளிநாட்டு நிதிப் பதிவு இருந்தால், முக்கியப் பொறுப்பாளர்கள் மாறியதை 45 நாளுக்குள் உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் எப்.சி.-6இ படிவத்தில் தெரிவிக்க வேண்டும். புதியவர்களின் ஆதார் விவரங்களும் வேண்டும். டெல்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கின் கையொப்பமும் மாற வேண்டும். தொலைவில் இருப்பதால் இதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும். கூட்டமைப்புகள் இதைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பின்னால் பதிவைப் புதுப்பிக்கும்போது சிக்கிக்கொள்கின்றன.

வங்கியில் ஒரு தனித் தடை வரலாம். புதிய பொருளாளர் பார்வையற்றவர் என்றால் மேலாளர் தயங்குவார். "கூட்டுக் கையெழுத்தாக வேறொருவரைப் போடுங்களேன்" என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். பார்வையற்றோருக்குக் காசோலைப் புத்தகம், ஏடிஎம், இணைய வங்கி உட்பட எல்லா வசதிகளையும் பாகுபாடின்றித் தர வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2008-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதன் நகலோடும், 2016 சட்டத்தின் 13-ஆம் பிரிவோடும் போங்கள். எழுத்தில் மறுப்புத் தரும்படி கேட்டால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

வருமான வரித் தளம், தர்ப்பண், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கான பதிவு, வருங்கால வைப்பு நிதி ஆகியவை அடுத்து. 2016 சட்டத்தின்படி மையத்துக்கு வாங்கிய பதிவுச் சான்றிதழிலும் இல்லத்தின் உரிமத்திலும் பழைய பொறுப்பாளர் பெயர் இருந்தால் அதையும் மாற்ற மனுக் கொடுங்கள்.

ஒரு விஷயம் தனியானது. மாவட்ட அளவிலான குழுவிலோ, தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆட்சியர் தலைமையில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதுகாவலரை நியமிக்கும் உள்ளூர் மட்டக் குழுவிலோ நிறுவனர் உறுப்பினராக இருக்கலாம். பெயர் குறிப்பிட்டு நியமித்திருந்தால் அந்த இடம் புதிய செயலாளருக்குத் தானாக வராது. நிறுவனர் அங்கே தொடர்வதா, விலகிப் புதியவரைப் பரிந்துரைப்பதா என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். பாதுகாவலர் நியமனத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு அந்த இடம் காலியாகக் கிடப்பதில் நேரடி நஷ்டம்.

ஏழாம் படி: கோப்புகளும் ரகசியங்களும்

குழந்தைகளின் மருத்துவ அறிக்கை, ஆதார் நகல், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை நகல் ஆகியவை களப்பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சிதறிக் கிடக்கும். தலைமை மாறும் சமயம் இதைத் துப்புரவு செய்ய நல்ல வாய்ப்பு. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகள் விஷயத்திலும், பாதுகாவலர் உள்ள மாற்றுத்திறனாளிகள் விஷயத்திலும் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஒரே இடத்தில் சேர்த்துப் பூட்டி, யார் திறக்கலாம் என்று எழுதிவையுங்கள். பாலியல் புகார்கள் தொடர்பான கோப்புகள் உறையில் முத்திரையோடு, அவற்றை விசாரிக்கும் உள்ளகக் குழுத் தலைவரிடமிருந்து உள்ளகக் குழுத் தலைவருக்கே போக வேண்டும். செயலாளரின் மேஜைக்கு வரக் கூடாது.

எட்டாம் படி: நிறுவனர் எங்கே இருப்பார்

இதைப் பேச எல்லோருக்கும் கூச்சம். ஆனால் பேசாமல் விட்டால் அவர் மறுநாளும் பத்து மணிக்கு வந்து அதே நாற்காலியில் உட்காருவார். அவர் மேல் குற்றமில்லை. நாற்பது ஆண்டுகளாக வந்த இடம் அது. ஊழியர்களும் அவரிடமே விடுப்பு கேட்பார்கள், புதியவர் அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பார்.

ஆறு மாதம் இருவரும் சேர்ந்து இருக்கட்டும். அந்த ஆறு மாதத்தில் அரசு அலுவலகம், நன்கொடையாளர், உறுப்பு அமைப்பு எதற்குப் போனாலும் புதியவர் பேசுவார், பழையவர் உடன் இருப்பார். அதன் பிறகு ஆறு மாதம் நிறுவனர் அலுவலகத்துக்கு வராமல் இருப்பது நல்லது. கேட்டால் தொலைபேசியில் சொல்லலாம். ஓராண்டு கழித்து, அவருக்குப் பிடித்த ஒரு தனி வேலையை எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். இளம் தாய்மார்களுக்குப் பயிற்சி, சட்ட உதவி, கூட்டமைப்பின் வரலாற்றைத் தொகுத்தல் என்று எதுவாகவும் இருக்கலாம். நிர்வாகத்தில் ஓட்டு இல்லாத, காசோலை அதிகாரம் இல்லாத வேலையாக இருக்க வேண்டும்.

அவருடைய வாழ்வாதாரத்தையும் கேளுங்கள். பல நிறுவனர்கள் சம்பளமே எடுக்காமல், அல்லது பெயருக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு வாழ்ந்தவர்கள். தாங்களே மாற்றுத்திறனாளிகள், வயதாக ஆக மருத்துவச் செலவு கூடுகிறது. அவர்கள் பதவியை விடத் தயங்குவதற்கு அதிகார ஆசை காரணம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அலுவலக வேன் இல்லாமல் மருத்துவமனைக்குப் போக வழியில்லை என்பது காரணமாக இருக்கலாம். மதிப்பூதியம், மருத்துவக் காப்பீடு, போக்குவரத்து பற்றி முன்பே தீர்மானம் போட்டுவைப்பது கூட்டமைப்பின் கடமை. சங்கத்தின் பணத்தை இதற்குச் செலவழிக்கும் முறையைத் தணிக்கையாளரிடம் கேட்டு, சட்டத்துக்கு உட்பட்ட வகையில் செய்யுங்கள்.

ஒன்பதாம் படி: புதியவரின் முதல் ஆண்டு

முதல் மூன்று மாதங்கள் புதிய திட்டம் எதையும் அறிவிக்காமல் இருப்பது நல்லது. களப்பணியாளரோடு வீடுகளுக்குப் போங்கள். கொடுத்த சக்கர நாற்காலி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாசலில் துணி காயப்போடும் இடமாக நின்றால் அதற்குக் காரணம் இருக்கும்: இருக்கை அகலம் பொருந்தவில்லை, வாசற்படி உயரம், டயர் காற்றுப்போய் மாதங்கள் ஆகிவிட்டன. முகாம் போட்டு, வரிசையில் உட்காரவைத்து, அளவெடுக்காமல் உபகரணம் கொடுத்துப் படம் எடுக்கும் பழக்கத்தை நிறுத்தும் துணிவு புதிய தலைமைக்குத்தான் வரும். பழைய தலைமைக்கு அந்த முகாம்களோடு நினைவுகள் இருக்கும். அளவெடுத்தல், பழுதுபார்த்தல், ஆறு மாதத்தில் மறுபார்வை ஆகியவற்றைச் சேர்த்தால், கொடுக்கும் எண்ணிக்கை குறைந்தாலும் பயன்படும் எண்ணிக்கை கூடும்.

கூட்டமைப்பு எதற்காக இருக்கிறது என்ற கேள்வியையும் புதியவர் எடுத்தே ஆக வேண்டும். 2020 செப்டம்பர் வரை பல கூட்டமைப்புகள் வெளிநாட்டு நிதியை வாங்கி உறுப்பு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தன. அந்த ஆண்டுச் சட்டத் திருத்தம் அப்படி இன்னோர் அமைப்புக்கு நிதி மாற்றுவதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவையும் 20 சதவீதத்துக்குள் அடக்கியது. பணம் பிரியும் குழாயாக இருந்த கூட்டமைப்புகளில் உறுப்பினர்கள் அன்றிலிருந்து மெல்ல விலகினார்கள். இன்னொரு பக்கம், உலக வங்கி நிதியுதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தின்கீழ் தமிழ்நாடு அரசே "விழுதுகள்" ஒருங்கிணைந்த சேவை மையங்களைத் திறந்து வருகிறது. தெரபியை அரசு மையமே கொடுக்கும்போது கூட்டமைப்பு செய்ய வேண்டியது என்ன?

என் பார்வையில் மூன்று வேலைகள் மிச்சம் இருக்கின்றன, மூன்றும் பெரியவை. மையம் வரை வர முடியாதவரின் வீட்டுக்குப் போவது. சிறிய அமைப்புகள் தனித்தனியாக அமர்த்த முடியாத இயன்முறை சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், கணக்காளர் ஆகியோரை எல்லோருக்கும் பொதுவாக அமர்த்துவது. அரசு மையம் சரியாக நடக்கிறதா என்று பயனாளிகளின் சார்பில் கேள்வி கேட்பது. மூன்றாவதைச் செய்யும் கூட்டமைப்பு அதே மையத்தை ஒப்பந்தத்தில் நடத்தவும் முடியுமா என்பதை உறுப்பினர்கள் பொதுக்குழுவில் வெளிப்படையாகப் பேசி முடிவெடுக்க வேண்டும். முடியாது என்பது என் பதில்.

ஊழியர்களிடம் முதல் வாரத்திலேயே பேசுங்கள். சிறப்பாசிரியர்களும் களப்பணியாளர்களும் குறைந்த ஊதியத்தில் நீண்ட காலம் இருப்பவர்கள். "புது ஆள் வந்ததும் நம்மை அனுப்பிவிடுவார்" என்ற வதந்திதான் அவர்கள் காதில் முதலில் விழும். யாருடைய வேலையும் ஓராண்டுக்கு மாறாது என்று எழுத்தில் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாதென்றால் ஏன் என்று சொல்லுங்கள்.

பத்தாம் படி: தகராறு வந்தால்

இரண்டு அணி பிரிந்து, இரண்டு பேர் செயலாளர் என்று கையெழுத்துப் போடும் நிலை வரலாம். வங்கி உடனே கணக்கை முடக்கிவிடும். அதற்காகவே ஒரு தீர்மானத்தை முன்கூட்டியே நிறைவேற்றிவையுங்கள்: நிர்வாகத் தகராறு ஏற்பட்டால் சம்பளம், உணவு, மருந்து, வேன் டீசல் ஆகிய நான்குக்கு மட்டும் இரு தரப்பும் ஏற்ற இருவர் கூட்டாகக் கையெழுத்திடலாம் என்று. அந்த இருவரின் பெயரும் மாதிரிக் கையொப்பமும் வங்கியில் முன்பே இருக்கட்டும்.

பிறகு மத்தியஸ்தம். மூவர் போதும், அவர்களில் ஒருவர் வேறு மாவட்டத்துக் கூட்டமைப்பின் மாற்றுத்திறனாளித் தலைவர். முப்பது நாளுக்குள் முடியவில்லையென்றால், சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினரோ, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்களோ விசாரணை கேட்டு மாவட்டப் பதிவாளரிடம் மனுக் கொடுக்கலாம். மனுவோடு தீர்மானப் புத்தகத்தின் நகல், உறுப்பினர் பதிவேடு, கூட்ட அறிவிப்பை அனுப்பியதற்கான அஞ்சல் ரசீதுகள் மூன்றும் இணைந்திருக்க வேண்டும். முதல் படியில் சொன்ன நோட்டுப் புத்தகம் முழுமையாக இருக்கும் கூட்டமைப்பில் இவற்றை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். மனு கொடுத்த அன்றே ஆரம்பநிலை இடையீட்டு மையத்தின் வாசலிலும் வேனிலும் ஒரு அறிவிப்பு ஒட்டுங்கள்: தெரபி நேரங்களில் மாற்றம் இல்லை, வேன் வழக்கம்போல் வரும், சந்தேகத்துக்கு அழைக்க வேண்டிய எண் இது.